நிபந்தனைப் பட்டாவும் திறந்த மூல உரிமமும்: நாம் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம்?

பரமத்தி வேலூர்ப் பகுதியில் காவிரி நீர், ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் வழியாக வாழைத் தோட்டங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் பாய்கிறது. அந்த வயல்களின் கூலி உழைப்பில் தலித் மக்களின் பங்கு பெரிது. அவற்றின் பட்டாக்களில் அவர்களுடைய பங்கு மிகச் சிறிது. உழைப்பவர் ஒருவர், ஆவணத்தில் பெயர் உள்ளவர் வேறொருவர் என்னும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. அதே ஏற்பாடு இன்று கணினி நிரல் எழுதும் துறையிலும் சத்தமின்றிக் கட்டப்பட்டு வருகிறது என்பதையே இக்கட்டுரையில் நாம் பேச முற்படுகிறோம்.

2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. நாமக்கல், சேலம் மாவட்டங்களின் சேரிகளில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது பல வீடுகளில் அப்படித்தான். அந்தத் தலைமுறையினர் இன்று கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதுகிறார்கள். வேலை தேடும் காலத்தில் தம் திறமையைக் காட்டுவதற்காகத் திறந்த மூலத் திட்டங்களுக்கு ஊதியமின்றிப் பங்களிக்கிறார்கள். இயக்கங்களுக்காகச் செயலிகளையும் ஆவணக் காப்பகங்களையும் உருவாக்கித் தருகிறார்கள். அவ்வாறு எழுதப்பட்டது யாருக்குச் சொந்தம், நாளை அதை யார் அடைத்து வைக்க முடியும் என்னும் கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறார்கள். விடை சட்டத்தில் இருக்கிறது. அதை அறிந்துகொள்வது கடினமும் அன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்க்கிறது. அதாவது ஒரு நாவலுக்கு உள்ள பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அந்த உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் 17ஆம் பிரிவு அதற்கு விலக்குகள் வைத்திருக்கிறது. பணி ஒப்பந்தத்தின்கீழ் வேலையின் பகுதியாக எழுதப்பட்டவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். அரசுப் படைப்புகளுக்கு அரசே உரிமையாளர். பகலில் நிறுவனத்தில் வேலை செய்து இரவில் இயக்கத்துக்காகச் செயலி எழுதும் தோழர் தம் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை முழுமையாகப் படித்தாக வேண்டும் என்பது இதனால்தான். பணிக்காலத்தில் எழுதப்படும் எல்லாமே நிறுவனத்துக்கு உரியவை என்று அதில் ஒரு வரி இருக்குமானால், இரவில் எழுதிய நிரலும் சிக்கலுக்கு உள்ளாகலாம்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாய்மொழியாகக் கொடுத்தது கொடுத்ததாகாது. உரிமையை முழுவதும் மாற்றித் தந்த பின்னும், படைப்பு தன்னுடையது என்று உரைக்கும் உரிமை ஆசிரியரிடமே தங்கும் என்கிறது 57ஆம் பிரிவு. உழைத்தவரின் பெயரை அழிக்கும் பழக்கமுள்ள ஒரு சமூகத்தில் இந்தப் பிரிவின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உரிமம் வேறு, உரிமை வேறு

திறந்த மூலம் என்றவுடன், உரிமையாளர் எவரும் இல்லாத பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் திறந்த மூல நிரல் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. அவர் தம் உரிமையைத் துறந்துவிடவில்லை; சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்த, திருத்த, பகிர இசைவு தருகிறார். அந்த இசைவே உரிமம்.

உரிமங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி போன்றவை தளர்வானவை. எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் காத்தால் போதும்; ஒரு பெருநிறுவனம் அந்த நிரலை எடுத்துத் தன் மூடிய மென்பொருளுக்குள் வைத்து விற்கலாம். மற்றது அளிப்புரிமை வகை. ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னெடுத்த குனு பொது மக்கள் உரிமம் 1989இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளியானது. நிரலை எடு, திருத்து, விலைக்கும் கொடு. ஆனால் பிறருக்கு வழங்கும்போது அதே சுதந்திரத்தோடும் மூல நிரலோடும் வழங்கு என்பதே அதன் நிபந்தனை. நிபந்தனை பொருளோடு சேர்ந்து பயணிக்கிறது. அதை மீறுபவரின் இசைவு அறுந்துபோகிறது.

பொருளோடு பயணிக்கும் நிபந்தனை என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாத கருத்தன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தை முதல் 10 ஆண்டுகள் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்படைத்த நிலம் மறுபடி ஆதிக்கச் சாதியினரின் கைக்குச் சென்றுவிடாதிருக்க இடப்பட்ட பூட்டு அது. பொதுவில் வைத்த நிரலைப் பெருநிறுவனம் வளைத்துக்கொள்ளாதிருக்க இடப்பட்ட பூட்டே அளிப்புரிமை.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஆக்கிரமித்த நிலத்தில் மற்றவர் உழ முடியாது; நிரலையோ ஒருவர் நகலெடுத்தாலும் மூலம் குறைவதில்லை. எனினும் நிபந்தனை எழுதப்பட்டால் மட்டும் போதாது, அதைக் காக்க ஆளும் ஆவணமும் வேண்டும் என்னும் பாடம் இரண்டுக்கும் பொது. பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி எப்படிக் கைமாறியது என்பதை நாம் அறிவோம். அதை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிபந்தனை ஏட்டில் இருந்தது. அதைச் செயல்படுத்த வேண்டியவர்கள் செயல்படுத்தவில்லை.

யார் வழக்காட முடியும்?

திறந்த மூல உரிமத்தைக் காப்பதற்கு வட்டாட்சியரும் இல்லை, ஆட்சியரும் இல்லை. பதிப்புரிமை எவரிடம் இருக்கிறதோ அவரே பொதுவாக நீதிமன்றம் செல்ல முடியும். ஆகவே, எந்த உரிமம் என்னும் கேள்விக்கு அடுத்தபடியாக, உரிமையாளர் யார் என்னும் கேள்வி எழுகிறது.

இரண்டு ஜெர்மானிய வழக்குகள் இதைத் தெளிவாக்குகின்றன. லினக்ஸ் கருநிரலின் வலைப்பாதுகாப்புப் பகுதியை எழுதியவர்களுள் ஒருவரான ஹரால்ட் வெல்டே, உரிம நிபந்தனையை மீறிய சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக 2004இல் மியூனிக் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். மாறாக, கிறிஸ்டாஃப் ஹெல்விக் என்னும் மற்றொரு லினக்ஸ் பங்களிப்பாளர் வி.எம்.வேர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 2016இல் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2019இல் மேல்முறையீடும் தோற்றது. சர்ச்சைக்குரிய நிரலில் தம்முடைய பகுதி எது, அதற்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு எந்த அளவுக்கு உண்டு என்பதை அவரால் நீதிமன்றம் ஏற்கும்படி நிறுவ இயலவில்லை. அ-பதிவேட்டில் தம் பெயர் இல்லாததால் சொந்த நிலத்தை மெய்ப்பிக்க முடியாமல் நிற்கும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

பலர் எழுதிய நிரல்: உரிமையைப் பகிரும் வழிகள்

பலர் சேர்ந்து எழுதும் திட்டத்தில் உரிமையை மூன்று வகையாக வைக்கலாம்.

முதலாவது, அவரவர் எழுதியது அவரவருக்கே. லினக்ஸ் கருநிரல் இப்படித்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் பகுதிக்கு உரிமையாளர்கள். எல்லோரும் ஒரே உரிமத்தின்கீழ் வெளியிடுகிறார்கள். எவரும் முழு நிரலையும் தனியாக விற்கவோ உரிமத்தை மாற்றவோ முடியாது. மாற்ற வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் இசைவு பெற வேண்டும். சிலர் இதைக் குறையாகச் சொல்வர். பொதுச் சொத்து ஒரே கையெழுத்தில் பறிபோகாமல் காப்பதும் இதுவே. இந்தியச் சட்டத்தில் கூட்டாசிரியம் என்பது வேறு: ஒருவரின் பங்கை மற்றவரின் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாத படைப்பே கூட்டுப் படைப்பு. திறந்த மூலத் திட்டங்களில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்பது பதிவாவதால், பெரும்பாலும் பங்குகளைப் பிரித்தறிய முடியும்.

இரண்டாவது, எல்லோரும் தம் உரிமையை ஓர் அறக்கட்டளைக்கு மாற்றித் தருவது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் முக்கியமான குனு திட்டங்களுக்கு நெடுங்காலம் இதைக் கேட்டுவந்தது; வழக்காடுவதற்கு ஒரே உரிமையாளர் இருப்பது வலிமை என்பது அதன் வாதம். குனு நிரல்மொழிமாற்றித் தொகுப்பு 2021இல் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. அறக்கட்டளையை யார் ஆள்கிறார்கள் என்பதே இவ்வகையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மூன்றாவது வகை பெயரளவில் மிக நியாயமாகத் தோன்றும்: கூட்டுப் பதிப்புரிமை. ஓப்பன் ஆஃபீஸ் திட்டத்தில் சன் நிறுவனம் இதைக் கடைப்பிடித்தது. பங்களிப்பவர் தாம் எழுதியதன் உரிமையைச் சன் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்வார், இருவரும் உரிமையாளர்கள். கணக்கிட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பங்களிப்பாளர் ஒவ்வொருவருக்கும் தம் சிறு பகுதியில் மட்டும் பங்கு. சன் நிறுவனத்துக்கோ எல்லாப் பகுதிகளிலும் பங்கு. ஆகவே முழு நிரலையும் ஸ்டார் ஆஃபீஸ் என்னும் மூடிய மென்பொருளாக விற்க அதனால் முடிந்தது. பங்களிப்பாளர் எவராலும் முடியவில்லை. கூட்டு என்னும் சொல் சமத்துவம் ஆகிவிடாது.

2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது இந்த உரிமைகள் அனைத்தும் புதிய முதலாளியிடம் சென்றன. அவநம்பிக்கையுற்ற பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று லிப்ரே ஆஃபீஸ் என்னும் கிளையை அறிவித்து வெளியேறினர். அவர்களை வெளியேற விட்டது திறந்த மூல உரிமம். ஒருமுறை வெளியிட்ட பதிப்பின்மீது மக்களுக்குக் கிடைத்த இசைவை, நிபந்தனையை அவர்கள் மீறாதவரை, முதலாளி திரும்பப் பெற முடியாது. புதிய திட்டத்தில் எவரும் உரிமையை மாற்றித் தரத் தேவையில்லை என்று முடிவெடுத்தனர்.

இது பழங்கதையும் அன்று. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்ம் மென்பொருளைத் திறந்த மூல உரிமத்திலிருந்து தொழில்போட்டியைத் தடுக்கும் உரிமத்துக்கு மாற்றியது. வெளியாட்கள் கையெழுத்திட்டிருந்த பங்களிப்பாளர் ஒப்பந்தம் அதற்கு வழிவிட்டது. 2024 மார்ச்சில் ரெடிஸ் அவ்வாறே மாறியது. ஓப்பன் டோஃபு, வால்கீ என்னும் கிளைகள் பழைய பதிப்புகளிலிருந்து எழுந்தன. ஆனால் கிளைத்தலுக்கு ஆளும் நேரமும் பணமும் வேண்டும். பெருநிறுவனங்கள் துணைநின்றதால் இவை பிழைத்தன. நாமக்கல் கல்லூரி ஒன்றின் நான்கு மாணவர்கள் நடத்தும் திட்டத்துக்கு அந்தத் துணை கிடைக்காது. அவர்களைக் காக்க வேண்டியது தொடக்கத்தில் எழுதிக்கொள்ளும் ஆவணமே.

சாதி பார்க்காத நிரலா?

நிரலுக்குச் சாதியில்லை, திறமை மட்டுமே மதிக்கப்படும் என்பது இத்துறையின் பெருமிதம். ஊதியமில்லாப் பங்களிப்புக்கு ஓய்வு நேரம் வேண்டும்; ஓய்வு நேரத்தைச் சாதியும் வர்க்கமுமே பங்கிடுகின்றன. 2020இல் கலிஃபோர்னிய அரசு அமைப்பு சிஸ்கோ நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தபோது, இத்துறையில் சாதி உண்டா என்னும் கேள்வி உலக அரங்குக்கு வந்தது. பெயரே சாதியைக் காட்டிக்கொடுக்கும் நாட்டில் புனைபெயரில் பங்களிப்பதும் ஒரு பாதுகாப்பு. லினக்ஸ் கருநிரல் நெடுங்காலம் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கியிருந்தது. 2023இல்தான் அறியப்பட்ட அடையாளம் போதும் என்று விதியைத் தளர்த்தியது.

தமிழகத்தில் திறந்த மூலத்தை அரசு நிர்வாகத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர், எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் என்பதையும் நினைவில் கொள்வோம். தலித் சமூகத்தைச் சேர்ந்த இந்த ஆட்சிப் பணி அதிகாரி, எல்காட்டை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றினார். 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கடும் எதிர்ப்புக்குப் பின் அடுத்த மாதமே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2011இல் மாணவர்களுக்கு வந்த மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடு விண்டோஸும் சேர்ந்தே வந்தது.

மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் நிரலின் உரிமை அரசிடம் இருக்கிறது. அதன் மூலத்தைத் திறப்பது அரசியல் முடிவு. கரோனா காலத்தின் ஆரோக்கிய சேது செயலியின் மூல நிரல், கடும் விமர்சனத்துக்குப் பின் 2020 மே மாதம் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. நூறு நாள் வேலையில், 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்கு இருமுறை புகைப்பட வருகை கட்டாயமாக்கப்பட்டது. புகைப்படம் ஏறாத நாளின் கூலி கேள்விக்குறியானபோது, தவறு எங்கே என்று ஆராய அந்த நிரல் தொழிலாளர் கையில் இல்லை. கூலியையும் ரேஷனையும் உதவித்தொகையையும் தீர்மானிக்கும் மென்பொருளின் மூலம் மக்கள் முன் திறக்கப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டும்.

இயக்கத்தின் எழுத்தும் இதே கேள்வியும்

பதிப்புரிமையின் பிடி நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் நூல்களே சான்று. அவர் 1956இல் மறைந்தார். வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் பதிப்புரிமை 2016 இறுதியோடு முடிந்தது. ‘சாதியை அழித்தொழித்தல்’ இன்று எவரும் அச்சிடலாம். ஆனால் ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக வெளிவரும் நூலுக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்தே 60 ஆண்டுகளைக் கணக்கிடுகிறது 24ஆம் பிரிவு. ‘இந்துமதத்தின் புதிர்கள்’ 1987இல் மகாராஷ்டிர அரசின் தொகுப்பில் வந்தது. அப்போது எழுந்த எதிர்ப்பும் அதற்கு மறுமொழியாகத் திரண்ட தலித் மக்களின் பேரணியும் பம்பாயை உலுக்கின. அந்த நூலின் உரிமை, சட்டக் கணக்குப்படி, 2047 இறுதிவரை நீடிக்கும். வெளியிடும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்தால், அவ்விடத்தை மிரட்டினாலே நூலை நிறுத்திவிடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

இயக்கங்களுக்காக நிரல் எழுதும் தோழர்களும் அமைப்புகளும் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

முதல் வரியை எழுதும் நாளிலேயே உரிமக் கோப்பை வையுங்கள். உரிமம் குறிப்பிடாத நிரல் திறந்த மூலமாகாது. எல்லா உரிமையும் எழுதியவரிடமே தங்கிவிடும், அவர் விலகினால் திட்டம் முடங்கும். செயலிக்கு அளிப்புரிமை வகையையும், வழங்கியில் இயங்கும் மென்பொருளுக்கு அஃபெரோ பொது மக்கள் உரிமத்தையும் எண்ணிப் பாருங்கள். வலைவழிச் சேவையாக நடத்துபவரும் மூலத்தைத் தர வேண்டும் என்கிறது அது.

யார் எதை எழுதினார் என்னும் பதிவைக் காத்து வையுங்கள். ஹாம்பர்க் வழக்கு தோற்ற காரணத்தை மறவாதீர்கள்.

நிறுவனமோ தொண்டு அமைப்போ பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை நீட்டினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உரிமையை மாற்றித் தரச் சொல்கிறதா, இசைவு மட்டும் கேட்கிறதா? பின்னாளில் மூடிய உரிமத்துக்கு மாற்ற அதற்கு அதிகாரம் உண்டா? அந்த அமைப்பு விற்கப்பட்டால் நிரல் என்னாகும்?

குரலும் பங்களிப்பே. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழர்கள் வாசித்தளிக்கும் குரல் பதிவுகள் எந்த நிபந்தனையுமின்றிப் பொதுவெளியில் வைக்கப்படுகின்றன. எவரும், எந்த வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அறிந்து கொடுப்பது கொடை; அறியாமல் கொடுப்பது இழப்பு.

இறுதியாக, திறக்கத் தகாதவையும் உண்டு. வன்கொடுமையைப் பதிவு செய்யும் செயலியின் நிரலைத் திறக்கலாம். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைத் திறக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பை உரிமையாக்கியிருக்கிறது. ஒரு கிராமத்தின் பெயரும் ஒரு தேதியும் போதும், ஆதிக்கச் சாதியினர் சாட்சியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கருவி பொதுவானதாகவும், சாட்சியம் அதைச் சொன்னவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும்.

கல்வியை மறுத்ததும் நிலத்தை மறுத்ததும் வெவ்வேறு குற்றங்கள் அல்ல. இரண்டும் உடைமையை மறுத்தவையே. நம் பிள்ளைகள் இன்று எழுதும் நிரலுக்கு நிபந்தனை இடுபவர்களும் அதைக் காப்பவர்களும் அவர்களாகவே இருக்க வேண்டும். அதற்கான ஆவணத்தை எழுதிவைக்கும் அதிகாரம் இம்முறை எந்த ஆட்சியரிடமும் இல்லை. எழுதுபவரின் கையிலேயே இருக்கிறது.